வில் கடையில் வேலை: வேகத்தைக் கேட்பவருக்கு என்ன சொல்வது?

கல்முனையிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ வெளிநாடு போய், வேட்டைச் சாமானும் விளையாட்டுச் சாமானும் விற்கும் கடையொன்றில் சேர்கிற பிள்ளைக்கு முதல் கிழமையே ஒரு கேள்வி வரும். நியூசிலாந்தோ அவுஸ்திரேலியாவோ கனடாவோ, கேள்வி மாறாது. சுவரில் தொங்கும், கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லைக் காட்டி வாடிக்கையாளர் கேட்பார்: "இது எத்தனை அடி?" அவர் கேட்பது வில்லின் நீளத்தை அல்ல. நாணை விட்டுக் கிளம்பும் அம்பு செக்கனுக்கு எத்தனை அடி பறக்கும் என்று கேட்கிறார்.

விலைச்சீட்டில் உள்ள எண்ணை வாசித்துக் காட்டிவிட்டு ஒதுங்கினால் அந்த விற்பனை நடக்கலாம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது, இந்த வாடிக்கையாளரின் கையில் அது எவ்வளவு குறையும், குறைந்தால் அவருக்கு உண்மையில் என்ன நட்டம் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் முதலாளி வில் பகுதிக்கு மாற்றுவார். வில்லைப் பொருத்துவது, நாண் மாற்றுவது, அம்பை அளந்து வெட்டுவது எல்லாம் அங்கேதான் கைவரும். கையில் தொழில் ஏறினால் சம்பளமும் அதைத் தொடர்ந்து ஏறும்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்டை வில் தெரிவு செய்யும்போது வேகம் முதலாவதாகப் பார்க்கவேண்டிய விடயம் அல்ல. வில் ஆளுக்குப் பொருந்துகிறதா, அவரால் அதை அமைதியாக இழுத்துப் பிடிக்க முடிகிறதா, அம்புக்குப் போதிய பாரம் இருக்கிறதா, முனை சவர அலகுபோல் கூராக இருக்கிறதா, சத்தம் குறைவா என்று பார்த்து முடித்த பிறகே வேகத்துக்கு வரவேண்டும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கும் உண்டு, நம் கிழக்கு மாகாணத்துக் காட்டிலிருந்து ஒரு சான்றும் உண்டு.

அந்த எண் யாருடைய கைக்கு உரியது?

விலைச்சீட்டில் 340 என்று இருக்கும். இதை ஐ.பி.ஓ. வேகம் என்பார்கள், அமெரிக்க வில்வேட்டைக்காரர் அமைப்பொன்றின் பெயரால் வழங்கும் அளவு அது. அந்த எண்ணைப் பெறுவதற்கு வில்லின் இழுவை பொதுவாக 70 இறாத்தலாகவும் இழுக்கும் நீளம் 30 அங்குலமாகவும் அம்பின் பாரம் 350 கிரெயினாகவும் வைக்கப்படும். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெயின். ஆகவே அந்த அம்பு 23 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 70 இறாத்தல் வில்லோடு வேட்டைக்குப் போகும் பலர் விரும்பி எடுக்காத அளவு இலேசான அம்பு.

இப்போது நம் ஊர் ஆள் ஒருவரை நிறுத்திப் பார்ப்போம். உயரம் 5 அடி 6 அங்குலம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால், ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை பெரும்பாலும் உயரத்தின் அளவே வரும்: 66 அங்குலம். அதை 2.5ஆல் வகுத்தால் அவருடைய இழுவை நீளம் கிடைக்கும். 26.4 அங்குலம். கடைகளில் முதல் மதிப்பீட்டுக்கு எல்லாரும் பயன்படுத்தும் கணக்கு இதுதான். பிறகு வில்லைக் கையில் கொடுத்துச் சரிபார்ப்பார்கள்.

இழுவை நீளம் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் சுமார் 10 அடி குறையும். நம் ஆளுக்கு மூன்றரை அங்குலம் குறைவு. 35 அடி அங்கேயே போயிற்று. 70 இறாத்தலை விட்டு, அவரால் சுகமாக இழுக்கக்கூடிய 60 இறாத்தலுக்கு வந்தால் இன்னும் 15 முதல் 20 அடி போகும். வேட்டைக்கு ஏற்ற 420 கிரெயின் அம்பைக் கோத்தால் மேலும் இறங்கும். 340 என்று விற்ற வில் அவர் கையில் 265 அடிக்கு அண்மையில்தான் எய்யும். வில்லில் எந்தக் குறையும் இல்லை. விலைச்சீட்டில் இருந்தது வேறொருவருடைய கையின் கணக்கு.

நல்ல கடைகளில் அம்பு வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருக்கும். வாடிக்கையாளரின் சொந்த நீளத்தில், சொந்த இழுவையில், அவர் கொண்டுபோகப்போகும் அம்பை வைத்து எய்யச் சொல்லி அந்த எண்ணை அவருக்கே காட்டுங்கள். விற்பதற்கு முன் காட்டுங்கள். விற்ற பிறகு அவரே கண்டுபிடித்தால் கடைக்குத் திரும்பி வருவது கோபத்தோடுதான்.

உயர்தரப் பௌதிகவியல் இங்கே கைகொடுக்கும்

கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "காக்கா, வேகம் கூடினால் சக்தியும் கூடும்தானே? இயக்கசக்தியில் வேகத்தின் வர்க்கம் வருகிறதே?" சூத்திரம் சரி. ஆனால் ஒரே வில்லில் அந்த வேகத்தை எப்படிக் கூட்டுகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். அம்பின் திணிவைக் குறைத்துத்தான் கூட்டுகிறோம். வில் தரும் சக்தி ஏறத்தாழ மாறாமல் அப்படியே இருக்கிறது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 350 கிரெயின் அம்பு செக்கனுக்கு 340 அடி, அதாவது 103.6 மீற்றர் வேகத்தில் போனால் அதன் இயக்கசக்தி சுமார் 122 யூல். அதே வில்லில் 500 கிரெயின் அம்பை வைத்தால் வேகம் 290 அடி அளவுக்கு இறங்கும். இயக்கசக்தியோ 126 யூல் அளவில் நிற்கும். குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. இலேசான அம்பு சீக்கிரம் கிளம்பிவிடுவதால் வில்லின் கைகளிலும் கப்பிகளிலும் நாணிலும் மிஞ்சும் சக்தி அதிகம். அந்த மிச்சம்தான் அதிர்வாகவும் சத்தமாகவும் வெளியே வருகிறது. பாரமான அம்பு அதில் கூடிய பங்கைத் தானே எடுத்துக்கொண்டு போகிறது. பாரமான அம்பு வைத்த வில் அடக்கமாக ஒலிப்பதற்கும் அதுவே காரணம்.

உந்தத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவு. கிலோகிராம் மீற்றர்/செக்கன் அலகில் இலேசான அம்புக்கு 2.35, பாரமான அம்புக்கு 2.86. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். தோலையும் தசையையும் விலா எலும்பையும் ஊடுருவும்போது அம்பை நிறுத்தப் பார்ப்பது தடைவிசை. அதை எதிர்த்து அம்பைத் தொடர்ந்து செலுத்துவது உந்தம். அமெரிக்கரான எட் ஆஷ்பி 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பெரிய விலங்குகளில் அம்பின் ஊடுருவலைச் சோதிக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்தார். உடையாத அம்பு, ஆடாமல் நேராகப் பறக்கும் அம்பு, முன்பாரம் கூடிய அம்பு, போதிய திணிவு என்றுதான் அவருடைய வரிசை போகிறது. வேகத்துக்கு அதில் பெரிய இடமில்லை.

அம்பு கொல்வது துப்பாக்கிக் குண்டு கொல்வதைப் போலல்ல என்பதையும் வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தவேண்டும். குண்டு அதன் சக்தியை அதிர்ச்சியாக உடலுக்குள் கொட்டுகிறது. அம்பு வெட்டுகிறது. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்து, முடிந்தால் மறுபக்கத்தால் வெளியே வந்துவிட வேண்டும். மழுங்கிய முனையோடு 340 அடியில் போகும் அம்பைவிடத் தீட்டிய முனையோடு 260 அடியில் போகும் அம்பு விலங்குக்கும் வேதனை குறைவு, வேட்டைக்காரருக்கும் தேடியலையும் வேலை குறைவு. விரியும் அலகுள்ள முனைகள் விரிவதற்கே சக்தியில் ஒரு பகுதியைச் செலவழிக்கும். ஆகவே குறைந்த இழுவையில் எய்பவருக்கும் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் நிலையான இரண்டு அலகு முனையைப் பரிந்துரையுங்கள். இந்த ஒரு பரிந்துரை அவர்களுக்கு வேகத்தைவிடப் பெரிய உதவி.

சத்தம் எப்போதும் முந்தும்

மான் நாண் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கிவிடும், அதனால் வேகம் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நியாயமான வாதம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காற்றில் ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். 30 மீற்றர் தூரத்தில் நிற்கும் மானின் காதுக்கு அது 0.09 செக்கனில் போய்ச் சேரும். செக்கனுக்கு 300 அடி எய்யும் வில்லின் அம்பு அதே தூரத்துக்கு 0.33 செக்கன் எடுக்கும். 340 அடி வில்லின் அம்புக்கு 0.29. எந்த வில்லை வாங்கினாலும் ஒலிதான் முதலில் போய்ச் சேர்கிறது. 40 அடி கூடுதல் வேகத்துக்குப் பெரும் பணம் கொடுத்து வாங்கியவர் மிச்சம் பிடிப்பது 0.04 செக்கன்.

அதே 300 அடி வில்லோடு பத்து மீற்றர் முன்னால் போய் 20 மீற்றரில் எய்தால்? அம்பு 0.22 செக்கனில் சேரும். மிச்சம் 0.11 செக்கன். வேகத்துக்குக் கொடுத்த பணத்தைவிட, நெருங்கிப் போகும் பொறுமை கிட்டத்தட்ட மூன்று மடங்கு பலன் தருகிறது. சத்தத்தைக் குறைக்கும் ரப்பர்த் துண்டுகளும் சற்றே பாரமான அம்பும் சேர்ந்தால், மானைத் திடுக்கிடச் செய்யும் ஒலியே சிறுத்துவிடும். அவை விலையிலும் சிறியவை. வேகமான வில்லை விற்கவேண்டிய கட்டாயம் கடைக்கு இருந்தாலும், இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினால் வாடிக்கையாளர் உங்களைத் தேடித்தான் அடுத்த முறை வருவார்.

கொல்லன் பட்டறையில் தொங்கிய இலை

நெருங்கிப் போவதும் முனையைப் பார்ப்பதும் நமக்குப் புதிய பாடம் அல்ல. அம்பாறை மாவட்டத்தின் உட்புறத்தில், கல்லோயாக் காடுகளை அண்டி வாழ்ந்த வேடர்கள் இந்தத் தீவின் பழைய வில்லாளிகள். மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து 1679இல் தப்பிய ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இவர்களைப் பற்றி ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். வேடர்கள் இரவில் வந்து கொல்லனுடைய பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுப் போவார்களாம். கூடவே, தங்களுக்கு வேண்டிய அம்பின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலையையும் வைப்பார்களாம். கொல்லன் அந்த அளவில் அடித்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் ஓர் இரவில் அவனுக்கு அம்பு வரும்.

அந்த இலையில் எழுதியிருந்தது என்ன? அலகின் நீளம், அகலம், வடிவம். உலகத்திலேயே மிகச் சுருக்கமான கொள்வனவுக் கட்டளைகளில் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். வில்லைத் தாங்களே காட்டு மரத்தில் செய்துகொண்ட மனிதர்கள், இரும்பு முனைக்காக வெளியாரிடம் விலை கொடுக்கத் துணிந்தார்கள். 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய பெருநூலிலும் ஆளுயரத்துக்கு நிற்கும் எளிய வில்லையும் நீண்ட இரும்பலகு பூட்டிய அம்பையும் காணலாம். கப்பியில்லாத அந்த வில்லின் வேகம் இன்றைய காம்பவுண்டின் அருகில்கூட வராது. காற்றின் திசை பார்த்து, சருகு நொறுங்காமல், மிக அண்மையில் போய் எய்தார்கள். நீண்ட அலகு மிச்ச வேலையைச் செய்தது.

கூர்முனையும் ஹலாலும்

வெளிநாட்டுக் கடைக்கு முஸ்லிம் வாடிக்கையாளர்களும் வருவார்கள். உங்கள் பெயரைச் சட்டையில் பார்த்ததும் நேராக உங்களிடம்தான் வருவார்கள். "அம்பால் வேட்டையாடினால் ஹலாலா?" என்பது அவர்கள் கேள்வி. இதற்கு மேலோட்டமாகவேனும் பதில் தெரிந்திருப்பது நம் பிள்ளைகளுக்கு அழகு.

அதிய் பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மிஃராழ் என்ற ஒருவகை வேட்டைக் கோலைப் பற்றிக் கேட்டபோது, அது கூர்மையால் தைத்துக் கொன்றால் உண்ணலாம், பக்கவாட்டால் அடித்துக் கொன்றால் உண்ணக்கூடாது என்பதே பதிலின் சாரம். அடிபட்டுச் செத்த பிராணியை அல்மாஇதா அத்தியாயத்தின் 3ஆம் வசனமும் விலக்குகிறது. எய்யும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்லவேண்டும். உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுக்கவேண்டும். அம்பு பட்டபின் தண்ணீரில் விழுந்து மூழ்கிக் கிடந்தால் தொடக்கூடாது. கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது.

கடை வேலைக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. முயல் போன்ற சிறிய பிராணிகளுக்கென்று மொட்டை முனைகள் விற்கிறார்கள். அவை தைப்பதில்லை, அடித்தே கொல்கின்றன. வாங்க வந்தவர் ஹலாலைப் பேணுபவர் என்று தெரிந்தால், இதை முன்கூட்டியே சொல்லிக் கூர்முனைப் பெட்டியை எடுத்துக் கொடுங்கள். எவ்வளவு வேகமான வில்லாக இருந்தாலும் மொட்டை முனையின் குணம் மாறாது. மேலதிகமான சட்டக் கேள்விகளுக்கு அவருடைய பள்ளிவாசல் மௌலவியிடம் அனுப்பிவிடுங்கள். ஃபத்வா கொடுப்பது கடைக்காரர் வேலையல்ல.

வேகம் உதவும் இடம்

வேகத்தால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். தூரத்தைத் தவறாக மதிப்பிடுபவருக்கு வேகம் கொஞ்சம் மன்னிப்புத் தரும். 30 மீற்றர் என்று நினைத்துக் குறிவைத்தார், விலங்கு நின்றதோ 33இல். 260 அடி வில்லில் அம்பு குறிக்கு 8 சென்ரிமீற்றர் அளவு கீழே படும். 340 அடி வில்லில் நாலரை சென்ரிமீற்றர். மரங்களுக்கிடையில் தூரம் மட்டுக்கட்ட நேரமில்லாத இடத்தில் இந்த மூன்றரை சென்ரிமீற்றர் ஒரு பொருட்டுத்தான். கையடக்கமான லேசர் தூரமானி வைத்திருப்பவருக்கு அது தேவைப்படாது. முப்பரிமாண மிருக உருவங்களைத் தூரம் தெரியாமல் எய்யும் போட்டிக்காரர்களும் வேகத்தைத் தேடுவதற்கு நியாயம் இருக்கிறது.

அந்த வேகத்துக்கு வில் வேறொரு விலையும் கேட்கும். வேக வில்களில் கப்பியின் வடிவம் முரட்டுத்தனமானது. இழுவையின் தொடக்கத்திலேயே முழுப் பாரமும் தோளில் ஏறும். கடைசியில் பாரம் விட்டுக்கொடுக்கும் இடம் குறுகியது. சற்றுத் தளர்ந்தால் நாண் கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னே ஓடப்பார்க்கும். பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம் 7 அங்குலத்திலிருந்து 6க்குக் குறைந்திருக்கும். அதனால் அம்பு நாணில் தொட்டுக்கொண்டிருக்கும் தூரம் கூடுகிறது, கையின் சிறு நடுக்கமும் அம்புக்குப் போய்விடுகிறது. குளிரில் உறைந்து மணிக்கணக்காய் உட்கார்ந்திருந்தவர் இப்படி ஒரு வில்லை இழுத்துப் பிடித்து, மான் திரும்பும்வரை காத்திருக்க முடியுமா? வில்லை வாங்க வந்தவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது

முதலில் கேட்கவேண்டியது: எங்கே, எந்த விலங்கு, எத்தனை மீற்றரில்? அடுத்தது கையை விரித்து அளப்பது. மூன்றாவது, ஓர் இலகுவான சோதனை. நாற்காலியில் உட்கார வைத்து, கால்களை நேரே நீட்டச் சொல்லி, வில்லை இலக்குக்கு நேராகப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் இழுவை அவருக்குக் கூடுதல். ஐந்து இறாத்தல் குறையுங்கள். பலசாலிகள் கோபப்படுவார்கள். நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் போல வில்லையும் முதுகால் இழுக்கவேண்டும் என்று விளக்குங்கள். கைப்பலம் எவ்வளவு இருந்தாலும் முதுகுக்குப் பழக்கம் வரச் சில மாதம் பிடிக்கும். 80 வீதம் பாரம் விட்டுக்கொடுக்கும் 70 இறாத்தல் வில்லில் கடைசியில் கையில் நிற்பது 14 இறாத்தல்தான். அந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள்தான் தோள் பழுதாகிறது.

இரண்டு ஆபத்துகளை வேலைக்குச் சேர்ந்த அன்றே மனத்தில் பதியுங்கள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. சக்தி போவதற்கு அம்பு இல்லையென்றால் அது வில்லுக்கே திரும்பும். வில்லின் கை பிளக்கும், நாண் அறுந்து கப்பி பறக்கும். வில்லைச் சும்மா பார்க்கக் கேட்கும் வாடிக்கையாளர்களின் விரல் எப்போதும் நாணுக்குத்தான் போகும். கண்ணை அங்கேயே வையுங்கள். வேகம் கூட்டும் ஆசையில் மிக இலேசான அம்பு கேட்பவருக்கும் இதே ஆபத்துத்தான்: ஓர் இறாத்தல் இழுவைக்கு 5 கிரெயினுக்குக் குறைந்த அம்பைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. வேட்டைக்கு 7 கிரெயின் அளவில் தொடங்குவது நல்லது. இரண்டாவது ஆபத்து, வெடித்த காபன் அம்பு. ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் அம்பை மெதுவாக வளைத்து, காதில் நொறுங்கும் ஒலி வருகிறதா என்று பார்க்கவேண்டும். வெடித்த அம்பு நாணின் விசையில் சிதறி, வில் பிடித்த கைக்குள் ஏறும்.

தொழில்நுட்பப் பக்கத்தில் கற்கவேண்டியவை பல. போ பிரஸ்ஸில் வில்லை அழுத்தி நாண் மாற்றுவது, தாள் ஒன்றின் ஊடாக எய்து கிழிசலைப் பார்த்து அம்பின் பறப்பைச் சரிசெய்வது, அம்பின் விறைப்பைத் தெரிவது. தாள் கிழிசலை வாசிக்கக் கற்றவருக்கு வேலை தட்டுப்படாது. அம்பு வாலாட்டிக்கொண்டு பறந்தால் எந்த வேகமும் பக்கவாட்டில் சிந்திப்போகும். ஆங்கிலத்தில் இந்தக் கருவிகளின் பெயர்களைப் பிசகில்லாமல் உச்சரிக்கப் பழகுங்கள். அங்குலமும் இறாத்தலும் கிரெயினும் மீற்றரும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்ற, கல்குலேட்டர் இல்லாமல் வரவேண்டும். சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ வேறெங்கோ பொறியியல் பட்டறைப் பழக்கம் பெற்றவர்கள் இந்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் எந்த முகவரின் வாயையும் நம்பிப் போகாதீர்கள்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி. துபாயில் அல்மஹா போன்ற பாலைவன விடுதிகளில் விருந்தினருக்கு வல்லூறு காட்டுவதோடு வில் எய்யவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே வேட்டை இல்லை, வேகமும் தேவையில்லை. 20 இறாத்தல் மரவில்லை முதல் தடவை பிடிக்கும் சிறுபிள்ளையைப் பயமில்லாமல் நிறுத்தி, இழுக்க வைத்து, விட வைக்கவேண்டும். பொறுமையும் சத்தமில்லாத ஒழுங்கும் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை.

ஊரில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

அங்கே கற்றதை விடுமுறையில் இங்கே காட்டிப்பார்க்க நினைக்கவேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. லாகுகலையும் குமணையும் கல்லோயாவும் நம் அயலில் இருப்பதால் யாரும் வேட்டைக்காரர் ஆகிவிட முடியாது. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது பரம்பரை வேடர்களே தங்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். ஹலாலான முறையில் எய்தாலும் சட்டம் சட்டம்தான். வில்லொன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர எண்ணினால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே சுங்கத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலைசெய்யும் நாட்டிலும் இதே கவனம் வேண்டும். நியூசிலாந்தில் பொதுக் காட்டில் மான் வேட்டைக்கு இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் வில்லால் வேட்டையாடுவதையே தடைசெய்திருக்கிறது. இதெல்லாம் வில் விற்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டியவை. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஊரில் திறந்திருக்கும் கதவு இலக்குப் போட்டி. 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் வில்லும் முதல்முறையாக, கலப்பு அணிப் போட்டியாக வருகிறது. சர்வதேசப் போட்டிகளில் காம்பவுண்டின் இழுவைக்கு 60 இறாத்தல்தான் உச்ச வரம்பு. இலக்கு 50 மீற்றரில். எல்லாருக்கும் ஒரே தூரம், அதுவும் முன்கூட்டியே தெரிந்த தூரம். ஆகவே வேகத்தால் கிடைக்கும் சலுகை அங்கே சிறிது. ஒரே இடத்தில் அம்பைத் திரும்பத் திரும்ப நிறுத்துபவர்தான் வெல்கிறார். 2019 தெற்காசிய விளையாட்டு விழாவில், இந்தியா கலந்துகொள்ளாத நிலையில், பொக்காராவில் நடந்த வில்வித்தையின் பத்துத் தங்கத்தையும் பங்களாதேஷ் எடுத்தது. பணக்கார நாடல்ல, பயிற்சி ஒழுங்காக நடந்தது. நம் கரையோரப் பாடசாலைகளில் எறிபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் மைதானம் இருக்கிறது. மூன்று பக்கம் பாதுகாப்பாக அடைத்த ஐம்பது மீற்றர் நிலமும் தகுதியுள்ள பயிற்றுநர் ஒருவரும் இருந்தால் வில்வித்தையும் தொடங்கலாம். வெளிநாட்டில் வில் பகுதியில் வேலை செய்பவர் அங்கிருக்கும்போதே உலக வில்வித்தைச் சம்மேளனம் அங்கீகரித்த முதல்நிலைப் பயிற்றுநர் சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பும் ஆண்டில் விளையாட்டு உத்தியோகத்தரிடமோ பாடசாலை அதிபரிடமோ பேசப்போகும்போது, முதலில் காட்டவேண்டியது அந்தக் கடதாசியையும் பாதுகாப்பு ஒழுங்குகள் எழுதிய ஒரு பக்கத்தையும்தான்.